வெயில் வராத வீட்டில் ஜவ்வரிசி வடகம்

போட்டது 250 கிராம் ஜவ்வரிசி, 8 கிராம் உப்பு, கொஞ்சம் சீரகம், பச்சை மிளகாய் விழுது. காய்ந்து முடிந்தபோது தராசு காட்டியது 262 கிராம். எண்ணெயில் போட்டதும் அடியில் போய்த் தொட்டுவிட்டு உடனே மேலே வந்து, ஓரம் முதல் நடு வரை வெள்ளையாகப் பொரிந்தது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில், மொட்டை மாடி கிடையாது, நேரடி வெயில் ஒரு கீற்றுகூடக் கிடையாது. அப்படியிருந்தும் வடகம் காய்ந்துவிட்டது. அடுத்த மார்ச்சுக்குள் எப்படியும் எனக்கே மறந்துபோகும். அதனால் எழுதி வைக்கிறேன்.

அம்மா அறந்தாங்கியிலிருந்து பெரும்பாலும் மார்ச்சில்தான் வருவார். பிள்ளைகளுக்கு ஒரு வாரப் பள்ளி விடுமுறை, ஊரில் பங்குனி வெயில் ஏறத் தொடங்கும் நேரம், இரண்டுக்கும் பொருந்தி வரும். வடகம் போடும் காலமும் அதுதான். ஊரை விட்டு வந்தாலும் கை சும்மா இருக்காது. பெட்டியைப் பிரிப்பதற்குள் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய் ஜவ்வரிசி வாங்க வேண்டும் என்றார். அப்புறம் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, இந்த ஊர்ல வெயில் எங்கதான் அடிக்குது?"

நல்ல கேள்வி. எங்கள் வீடு வடக்கும் தெற்கும் பார்த்த வீடு. மாலை வெயில் சுவரைச் சுடாது என்பதற்காகவே இங்கே பலரும் தேடி வாங்கும் திசை அது. மார்ச் மூன்றாம் நான்காம் வாரத்தில் சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்கில் எழுந்து, தலைக்கு நேர் மேலே போய், நேர் மேற்கில் இறங்குகிறது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒன்றே கால் டிகிரிதான் வடக்கே இருக்கிறது. ஆகவே அந்த வாரங்களில் வடக்குச் சன்னலுக்கும் வெயில் இல்லை, தெற்குச் சன்னலுக்கும் இல்லை. வெளியே கண் கூசுகிறது, தரை கொதிக்கிறது, வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கிழக்குப் பார்த்த வீட்டில் இருப்பவர்களுக்குப் பத்து, பத்தரை வரை கிடைக்கும். அதற்கு மேல் மேல்மாடி நீட்டம் மறைத்துவிடும்.

கடிகாரமும் ஒத்துழைக்காது. அம்மா ஊரில் ஆறு மணிக்குக் கூழைக் கிண்டி இறக்கி, ஆறரைக்கு மாடியில் ஊற்றத் தொடங்குவார். இங்கே ஏழு மணிக்கும் இருட்டு. 1982 முதல் நாம் கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முந்திய கணக்கில் ஓடுகிறோம், சூரியன் ஏழு மணி நேரக் கணக்கில் வருகிறது. மார்ச்சில் உச்சி வெயில் மதியம் 1.10 வாக்கில். அது கழிந்து இரண்டு மணி நேரத்தில் இடி மழை வந்துவிடலாம்.

முதலில் அம்மாவின் முறைப்படியே செய்தோம். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து, சர்வீஸ் யார்டில் (சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடம்) துணிக் கம்புகளுக்கு மேல் ஒரு பலகை வைத்து விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றினோம். சன்னலுக்கு வெளியே நீட்டி வைக்கலாமா என்று அம்மா கேட்டார். அது நடக்காது. பலகை சரிந்து கீழே யார் தலையிலாவது விழுந்தால் போலீஸ் வழக்காகிவிடும். மாலைக்குள் மேலே தோல் பிடித்திருந்தது, அடியில் அப்படியே கூழ். மறுநாள் புளித்த வாடை. அதற்கு அடுத்த காலையில் ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புள்ளி கண்டது. அப்படியே மூட்டை கட்டிக் குப்பைக் குழாயில் போட்டோம். அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. ஜவ்வரிசியைவிட வேட்டி போனதுதான் அவருக்குக் கவலை.

அப்புறம் தாழ்வாரம். வீட்டு வாசலுக்கு முன்னால் ஒரு முக்காலியும் முறமும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி; முக்காலி அந்த வழியை மறிக்கவில்லை. ஆனால் மைனாக்களுக்கு விதி தெரியாது. கம்பிக் கைப்பிடியில் ஒன்று உட்கார்ந்து பார்த்தது, பத்து நிமிடத்தில் உறவுக்காரர்களைக் கூட்டி வந்துவிட்டது. மேலே கொசுவலை போட்டு மூடினால் காற்று நிற்கிறது. எறும்புக்கு ஊரில் முக்காலியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்போம். இங்கே அது கொசு வளர்ப்பு. சோதனைக்கு வருகிறவர் பார்த்தால் அபராதம். கால்களில் வாசலின் தடவினேன். எறும்பு ஏறவில்லை. இந்த ஒன்று மட்டும் அந்தத் தாழ்வார முயற்சியிலிருந்து தேறியது.

வழி சொன்னவர் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி; மக்சிக் (அத்தை) என்று கூப்பிடுவோம். நோன்பு மாதம், பெருநாளுக்காக அவர் வீட்டில் கெரோப்போக் (அப்பளம் மாதிரிப் பொரிப்பது) தயாராகிக்கொண்டிருந்தது. அம்மாவின் முறத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி உள்ளே கூப்பிட்டார். சமையலறைத் தரையில் செய்தித்தாள், அதன் மேல் வரிசையாக மூன்று பெரிய முறம், எதிரே ஒரு மேசை விசிறி. சன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. வெயிலைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. அம்மாவுக்கு மலாய் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் முறத்தைத் தொட்டுக் காட்டியும் விரலால் கனம் காட்டியும் அரை மணி நேரம் பேசினார்கள். திரும்பி வந்த அம்மா சொன்னது: "அந்தக்கா மெல்லிசா சீவிக் காத்துல போடுறாங்க. நாம தடியா ஊத்திட்டு வெயிலைத் தேடுறோம்."

விஷயம் முழுக்க அதில் இருந்தது. 250 கிராம் ஜவ்வரிசிக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் விடுகிறோம். கொதிக்கும்போது கொஞ்சம் ஆவியாகப் போனாலும், ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் வடகத்திலிருந்து வெளியேற வேண்டும். ஊரில் வெயிலும் வறட்சியும் சேர்ந்து இழுத்துவிடும். இங்கே வடகத்தைச் சுற்றியுள்ள காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கிறது. அதை நகர்த்திக்கொண்டே இருந்தால்தான் அடுத்த சொட்டுக்கு இடம் கிடைக்கும். முதலில் ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கினேன். சர்வீஸ் யார்டில் காலை எட்டு மணிக்கு 87 சதவீதம், மதியம் இரண்டு மணிக்கு 62, மழை பெய்த மாலையில் 90. பிள்ளைகள் தூங்கும் ஏசி அறையில் இரவு முழுக்க 55 முதல் 58. இந்த எண்களைப் பார்த்தபின் எங்கே எப்போது வைக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை.

மூன்று தட்டுகள் செய்தேன். ஒவ்வொன்றும் 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம். பேட்டையில் இருக்கும் வன்பொருள் கடையில் 25 மி.மீ.க்கு 12 மி.மீ. ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வாங்கினால், அவர்களே அளவுக்கு அறுத்துத் தருவார்கள். வீட்டில் ரம்பம் இருந்தாலும் மூலை நேராக வராது, கடையிலேயே அறுத்துவிடுவது நல்லது. மூலைகளில் எல் வடிவத் தகடு, தட்டுக்கு நான்கு. உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்த்துவிட வேண்டும், இல்லையென்றால் வலை கிழியும்.

வலையில் ஒரு எச்சரிக்கை. சன்னலுக்கு ஒட்டும் வலைகளில் சில கண்ணாடி இழையால் ஆனவை. வெட்டிய ஓரத்தில் ஊசி மாதிரி இழை நிற்கும். தின்கிற பொருளுக்கு அது வேண்டாம். பாலியெஸ்டர் கொசுவலை வாங்கி, நன்றாகத் துவைத்து, ஸ்டேப்ளர் கன்னால் சட்டத்தின் அடிப்பக்கம் அடித்தேன். முதலில் நீள வாட்டில் இரண்டு பக்கமும் நடுவிலிருந்து ஓரத்துக்கு, பிறகு அகல வாட்டில். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் வலை கோணலாக இழுபட்டு நடுவில் தொங்கும். தொங்கிய இடத்தில் வடகமெல்லாம் குழியில் சேர்ந்துவிடும். முதல் தட்டு அப்படித்தான் ஆனது. பிரித்து மறுபடி அடிக்க வேண்டியிருந்தது.

தட்டுகளுக்கு இடையில் 6 செ.மீ. மரக்கட்டைகள். மூன்றையும் அடுக்கி, இரண்டு பக்கமும் மேலும் அட்டைப் பெட்டியை வெட்டி மூடினேன். முன்னால் விசிறி, பின்னால் திறப்பு, அவ்வளவுதான். அட்டை இல்லாமலும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு டிஷ்யூத் தாளைத் துண்டாக்கிப் பின்பக்கத்தில் பிடித்தபோது அது அசையவே இல்லை. காற்றெல்லாம் சுற்றிக்கொண்டு வெளியே போயிருந்தது. அட்டை வைத்ததும் தாள் படபடத்தது. விசிறி வீட்டில் இருந்த பழைய மேசை விசிறிதான், 45 வாட்.

வேட்டிக்குப் பதில் பேக்கிங் தாள். இதில்தான் அம்மாவுக்கும் எனக்கும் நீண்ட விவாதம். துணியில் ஊற்றினால் அடி ஈரத்தைத் துணி உறிஞ்சும் என்பது அவர் பக்கம். உண்மைதான். ஆனால் காய்ந்தபின் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தல்லவா உரிக்கிறோம்? ஊர் வெயிலில் அந்த ஈரம் ஐந்து நிமிடத்தில் போய்விடும், இங்கே அரை நாள் வேலை திரும்ப வரும். கடைசியில் ஒரு தட்டில் துணி, இரண்டில் தாள் என்று ஒப்புக்கொண்டோம். மதியம் தாளிலிருந்து வடகம் விரல் பட்டதும் கழன்று வந்தது. துணித் தட்டை அம்மாவே பார்த்துவிட்டு, "சரி, அடுத்த தடவை எல்லாத்துலயும் தாளே போடு" என்றார்.

கூழ். ஜவ்வரிசியை இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கிண்ட வேண்டும். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் வேகவில்லை. உப்பு குறைவாகத்தான் இருக்க வேண்டும். கூழாக ருசித்தால் ‘இன்னும் ஒரு சிட்டிகை போடலாமே’ என்று தோன்றும், போடக்கூடாது. தண்ணீர் போனபின் உப்பு மட்டும் நிற்கும். எலுமிச்சைச் சாறும் பெருங்காயமும் ஆறிய பிறகு.

ஊற்றும் கனம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அம்மா ஊற்றினால் 5 மி.மீ. இருக்கும். அது மாடி வெயிலின் கனம். ஒரு குழிக்கரண்டியை ஊற்றிவிட்டு, கரண்டியின் அடியால் ஒரு சுற்றுச் சுற்றி விரலகலம் பரப்பினால் 3 மி.மீ. வரும். ஒரு தட்டில் கிட்டத்தட்ட 40 வடகம் கொள்ளும். ஸ்கேல் வைத்து அளந்ததைப் பார்த்து மகள் சிரித்தாள். பிறகு அவளே ஸ்கேலை வாங்கிக்கொண்டு தடித்தவற்றைக் கண்டுபிடித்துப் பாட்டியிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விசிறியை எடுத்த எடுப்பில் வேகமாக வைத்தால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு, ஓரம் சுருண்டுகொள்ளும். முதல் நான்கு மணி நேரம் குறைந்த வேகம். மேலே தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பித் தாளை எடுத்துவிட்டு நேராக வலையில் போட வேண்டும். இந்த இடம் முக்கியம். திருப்பும்போது அடிப்பக்கம் ஈர நாக்கு மாதிரி பளபளவென்றிருக்கும், பயப்பட வேண்டாம்; அந்தப் பக்கம் மேலே வர, மற்ற பக்கம் வலையில் இருக்க, இனி இரண்டு பக்கமும் காற்று. இப்போது விசிறி நடு வேகம். முழு வேகத்தில் விட்டால் மாலைக்குள் லேசானவை பறந்து பின்னால் குவிந்துவிடும். சமையலறை அலமாரிக்குப் பின்னாலிருந்து இன்னும் ஒன்று இரண்டு வரும் என்று நினைக்கிறேன்.

விசிறிக்கு அருகில் இருக்கும் வரிசை முந்திக் காயும், கடைசி வரிசை பின்தங்கும். சாப்பாட்டு வேளைகளில் தட்டுகளை அப்படியே முன்பின்னாகத் திருப்பி, மேல் தட்டைக் கீழே வைத்தால் சமமாகிவிடும். அம்மா அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். காலை காப்பிக்கு ஒரு தரம், மதியம் ஒரு தரம், சீரியல் முடிந்ததும் ஒரு தரம்.

பகல் வேலை இவ்வளவுதான். கெடுப்பது இரவு. ஏறக்குறையக் காய்ந்த வடகத்தைச் சர்வீஸ் யார்டிலேயே விட்ட ஓர் இரவில், 290 கிராம் இருந்தது காலையில் 304 ஆகியிருந்தது. காற்றிலிருந்தே குடித்திருக்கிறது! அதன்பின் மாலை ஆறு மணிக்குத் தட்டுகளை அப்படியே பிள்ளைகள் அறைக்கு மாற்றினோம். ஏசி ‘டிரை’ நிலையில், விசிறி தட்டுகளைப் பார்த்து. அறை முழுக்கப் பெருங்காய வாசனை என்று மகன் முறையிட்டான். விடுமுறை வாரம்தானே, ஹாலில் பாட்டியோடு படுத்துக்கொள் என்றோம்; அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது போல.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? அம்மா ஒடித்துப் பார்ப்பார், சத்தம் கேட்பார். அவர் காது போதும். எனக்கு அந்தக் காது இல்லாததால் தராசு. ஜவ்வரிசி கடையிலிருந்து வரும்போதே அதில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. வடகமும் அதே அளவு ஈரத்துக்கு வந்துவிட்டால் போதும். அதாவது, காய்ந்த வடகத்தின் எடை, நாம் போட்ட ஜவ்வரிசி, உப்பு, சீரகத்தின் எடைக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். ஊற்றியபோது மூன்று தட்டிலும் சேர்த்து 1,340 கிராம். முதல் நாள் மாலை 640. மறுநாள் காலை 410. அன்று மாலை 285. மூன்றாம் நாள் காலை 262, மதியமும் 262. தட்டின் எடையையும் தாளின் எடையையும் முன்கூட்டியே எழுதி, தட்டின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துவைத்தால் ஒவ்வொரு முறையும் வடகத்தை அள்ள வேண்டியதில்லை. அம்மா ஒடித்துப் பார்த்து "ஆச்சு" என்று சொன்னதும் 262 காட்டிய அதே காலையில்தான். அந்த விஷயத்தில் தராசுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது.

பொரித்துப் பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. ஈரம் மிச்சமிருந்தால் எண்ணெயில் சலசலவென்று நுரைக்கும், விரியாது, நடுவில் தேன் நிறத்தில் ஒரு பொட்டு நிற்கும், கடித்தால் பல்லில் ஒட்டும். 285 கிராமில் இருந்தபோது ஒன்றைப் போட்டுப் பார்த்ததில் சரியாக அந்தப் பொட்டு இருந்தது.

செலவு: ரீப்பர் அறுத்துக் கொடுத்தது 14 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வலை 6.50. எல் தகடுகள் 4.80. ஈரப்பதமானி 7.90. பேக்கிங் தாள் 3.60. உப்புத்தாள் 1.20. ஆக 38 வெள்ளி. மின்சாரம் பெரிதல்ல, 45 வாட் விசிறி பத்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட்கூட ஆகாது, பதினைந்து காசுக்குள். ஏசி எப்படியும் இரவில் ஓடுவதுதான். இந்தக் கணக்கை மனைவி கேட்டுவிட்டு, தேக்காவில் வடகப் பாக்கெட் என்ன விலை என்று மட்டும் கேட்டார். கால் கிலோவுக்கு 38 வெள்ளி கட்டுப்படியாகாதுதான். நாலு வருடம் தட்டு உழைத்தால் பேசிக்கொள்ளலாம். ஓவனில் வைக்கக்கூடாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். எங்கள் ஓவனில் ஒரு தடவைக்கு முப்பது வடகம்தான் கொள்ளும், கதவைத் திறந்து வைத்துக் குறைந்த சூட்டில் நாள் முழுக்க ஓட்டவேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில உண்டு. தட்டின் அகலம் 40 செ.மீ. எங்கள் அறைக் கதவில் பக்கவாட்டில்தான் நுழைகிறது. ஒவ்வொரு மாலையும் தூக்கிச் சாய்த்துப் போக வேண்டியிருந்தது. 35 போதும், தட்டு நான்காக இருக்கட்டும். அட்டைக்குப் பதில் நெளி பிளாஸ்டிக் தகடு. அட்டை இரண்டாம் நாளே ஈரத்தில் தொய்ந்துவிட்டது. தண்ணீரையும் ஒன்றேகால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டராகக் குறைத்துப் பார்க்கலாம். அம்மா இதற்கு மட்டும் ஒப்பவில்லை. கூழ் கெட்டியானால் வடகம் பொரியாமல் கடுக்கென்று நிற்கும் என்கிறார். ஒரு தட்டு அளவுக்குச் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். கூழ் வடகத்தை முறுக்கு அச்சில் பிழிந்து நேராக வலையில் விட முடியுமா என்பதும் பாக்கி.

பெரிய மாற்றம் தேதிதான். மார்ச் பின்பாதியிலிருந்து காற்று ஓய்ந்து பிற்பகல் இடி மழை தொடங்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட பகுதி பிப்ரவரி முதல் மார்ச் தொடக்கம் வரை. மழை குறைவு, காற்று நிறைய. தாழ்வாரத்தில் காயப்போட்ட துணி அப்போது மதியத்துக்குள் மொடமொடத்துவிடும். ஆகவே அம்மா தைப்பூசம் முடிந்த கையோடு வந்தால் விசிறிக்கு வேலை பாதியாகக் குறையும். சொன்னேன். பிள்ளைகளுக்கு லீவு இல்லாத நேரத்தில் வந்து யாரோடு பேசுவது, மக்சிக்கோடயா, என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தக்காவுக்கு ஒரு டப்பா வடகம் கட்டி வை, பெருநாளைக்குப் பொரிக்கட்டும் என்றும் சொன்னார். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தமிழ்ப் புத்தாண்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கியாயிற்று. டிக்கெட் எந்த மாதத்துக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை.